பொன்மணி டீச்சர் விசாரித்த கம்பெனி

"ஏலே, மாப்பிள்ளை நல்லவனான்னு மாப்பிள்ளைகிட்டயே போயிக் கேப்பியளா?"

புதூர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில், ப்ளஸ் ஒன் வகுப்புக்குள் நுழைந்ததும் பொன்மணி டீச்சர் கேட்ட முதல் கேள்வி இது. அவர் நடத்துவது கம்ப்யூட்டர். அன்றைய பாடம், ஒரு வெப்சைட்டை நம்பலாமா கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது. பரீட்சைக்கு வராத பாடம். ஆனாலும் வாரத்தில் ஒரு பீரியடை இதற்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார், அதுவும் சண்டை போட்டு வாங்கி!

"அவன்கிட்டக் கேட்டா நல்லவன்னுதான டீச்சர் சொல்லுவான்?"

"அப்ப எங்க கேப்பிய?"

"டீக்கடையில."

"சலூன்ல டீச்சர். அங்க தெரியாத சங்கதியே கிடையாது."

"அவன் படிச்ச ஸ்கூல்ல கேட்டாப் போதும், மானமே போயிரும்!"

வகுப்பு சிரித்து முடிக்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"வெப்சைட்டும் மாப்பிள்ளை மாதிரிதாம்லே. மடிப்புக் கலையாத சட்டையோட வந்து உக்காந்திருக்கும். அதையே உத்து உத்துப் பாத்தா ஒண்ணும் தெரியாது. எந்திரிச்சு வெளிய வா. அதைப் பத்தி அடுத்தவிய என்ன பேசுதாவன்னு தேடு. என் கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ளை வீட்டுக்காரவிய எங்க தெரு டெய்லர்கிட்ட விசாரிச்சிருக்காவ. அவரு, 'நல்ல பிள்ளதான், வாய்தான் கொஞ்சம் நீளம்'னு சொல்லியிருக்காரு. அதைக் கேட்ட பொறவுதான் அவிய பூ வைக்கவே வந்தாவ. ஏன்னு சொல்லுங்க பாப்போம்?"

அவரே சொன்னார்.

"எல்லாரும் தங்கம் தங்கம்னே சொல்லியிருந்தா, சொல்லிவச்சுப் பேசுதாங்கன்னு சந்தேகம் வந்திருக்கும். உண்மையான ஆளுன்னா எவனாவது ஒருத்தன் குறை சொல்லுவான். கம்பெனியும் அப்பிடித்தான்."

அந்த டெய்லர் கடை எங்கள் தெருவில்தான் இருக்கிறது, கோவில்பட்டியில். டீச்சரும் எங்கள் தெருதான். கழுகுமலையில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே குடிவந்து, பள்ளி விட்டு வந்ததும் தீப்பெட்டி ஒட்டி, அந்தக் கூலியில் எம்.சி.ஏ. வரை படித்தவர். இப்போதும் ஸ்கூட்டியில் தினமும் கரிசல் காட்டு ரோட்டில் போய்வருகிறார். மழைக்காலத்தில் சக்கரத்தில் மண் அப்பி வண்டி நின்றுவிட்டால், குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடியும் போவார். அப்படி ஒரு மனுஷி! அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இந்தச் சம்பவத்தோடு எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

அன்று பீரியட் முடிந்தும் செல்வமாரி என்ற பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்னட்டி, பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"டீச்சர்… நான் மாப்பிள்ளைகிட்டயே கேட்டுட்டேன் டீச்சர்."

அவளுடைய அண்ணன் சோலைராஜ். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தவன். அவனுக்குத் தாய்லாந்தில் ஒரு கம்பெனி வேலை கொடுத்திருந்தது. ஏசி ரூமில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரவு திருச்சியிலிருந்து விமானம். இதை நம்பலாமா என்று வீட்டில் குழம்பியபோது, "நம்ம பாப்பா கம்ப்யூட்டர் படிக்கால்லா, அவ பாக்கட்டும்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். செல்வமாரியும் பார்த்திருக்கிறாள். போன வருஷம் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே பார்த்திருக்கிறாள். பிரவுசரில் பூட்டுக் குறி இருந்தது. முகவரி இருந்தது. போன் அடித்தால் எடுத்தார்கள். எழுத்துப்பிழை இல்லை. காசும் கேட்கவில்லை.

"நெசம்னு நாந்தான் டீச்சர் வீட்ல சொன்னேன்."

டீச்சர் உடனே அந்த வெப்சைட்டைத் திறந்தார். எல்லாமே ஒழுங்காக இருந்தது. கண்ணாடிக் கட்டடம், சிரிக்கும் முகங்கள், 'பத்தாண்டுச் சேவை' என்று தமிழிலேயே ஒரு பக்கம். நடுவில் ஒரு வீடியோ. நம்மூர்ப் பையன் ஒருவன், கண்ணபிரான் என்று பெயர், வேலை எவ்வளவு நல்லது என்று நம்மூர்ப் பேச்சிலேயே சொல்கிறான்.

டீச்சர் அதை மூடிவிட்டு, வெளியே வந்து அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடினார். ஒன்றுமே இல்லை. பாராட்டு இல்லை. திட்டுகூட இல்லை.

"பத்து வருஷமா ஒரு கம்பெனி நடக்குது. சம்பளம் லேட்டு, சாப்பாடு சரியில்ல, மேனேஜர் மோசம்னு ஒரு ஆளுகூடவாட்டி சொல்லல?"

தாய்லாந்துப் பக்கம் ஆள் பிடித்து அடைத்துவைக்கும் கும்பல்களைப் பற்றி அவர் செய்திகளில் படித்திருந்தார். வேலை என்று வரவழைப்பார்கள். போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். பூட்டிய கட்டடத்துக்குள் உட்காரவைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்வார்கள். மறுத்தால் அடி. காசு கேட்காமல் டிக்கெட் அனுப்புகிறவனுக்கு ஆள்தான் வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காசு கேட்டால் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மறுநாள் சாயங்காலம் செல்வமாரி வீட்டுக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். புரட்டாசி மாசம். ரோட்டின் இரண்டு பக்கமும் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காடுகள். மேகம் கறுத்துத் தொங்கியது. பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை.

வீட்டு முற்றத்தில் புதுப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. செல்வமாரியின் அம்மா சொர்ணத்தாய் அதில் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அப்பா உக்கிரபாண்டி டீச்சர் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"டீச்சர், ஒங்க படிப்பு பெருசுதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அங்கன நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். ஏலே சோலை, அந்தத் தம்பிக்குப் போனப் போடு. டீச்சரும் கேக்கட்டும்."

சோலைராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? நான் கண்ணபிரான் பேசுதேன். என்ன அங்கன மழையுண்டா?"

"எங்க தம்பி, மூடிக்கிட்டுத்தான் நிக்கி."

"புழுதி வெதப்பு வெதச்சாச்சா? உளுந்தா, மக்காச்சோளமா?"

"சோளந்தான்."

"பன்னி வந்துராம பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. போன வருஷம் எங்க ஊர்ல ஒரு கதிரு மிச்சம் வைக்கல."

உக்கிரபாண்டி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. போனை வைத்ததும் சொன்னார்: "பாத்தியளா? மழைக்கு முந்தி வெறும் புழுதியில வெதைப்போம்ங்கிறது எந்த மெட்ராஸ்காரனுக்குத் தெரியும்? இவன் கரிசக்காட்டுப் பிள்ளை. இவன் பொய் சொல்லுவானா?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அந்த நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. அந்தக் குரலில் அவ்வளவு பிரியம்! ஊர் ஞாபகத்தில் ஏங்குகிற குரல். அது நடிப்பில்லை.

டீச்சர் மட்டும் அசையவில்லை.

"அண்ணாச்சி, அந்தத் தம்பி யாரு மகன், எந்த ஊருன்னு கேட்டியளா?"

"கேக்காம இருப்பனா? புதூருக்கு அங்கிட்டு, ஆட்டுக்கார மாயகிருஷ்ணன் மகன்."

"அப்ப அந்த ஊர்ல போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோம். நாளைக்குக் காலையில."

"எதுக்கு டீச்சர், இவ்வளவு தெளிவாச் சொல்லுதான்…"

"நாளைக்கு செல்வமாரிக்கு ஒரு மாப்பிள்ளை வருது. போன்ல நல்லாத்தான் பேசுதான். ஊருக்குப் போயி விசாரிக்காம குடுத்துருவியளா?"

பெட்டிப் பக்கமிருந்து சொர்ணத்தாய் சொன்னார்: "போயிட்டுத்தான் வாங்களேன். பொட்டப்பிள்ளைக்கு மட்டுந்தான் விசாரிக்கணுமா?"

சனிக்கிழமை காலையில் போனோம். உக்கிரபாண்டியும் சோலைராஜும் பைக்கில், நாங்கள் ஸ்கூட்டியில். விசாரிக்கிற முறைப்படி நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஊர் முகப்பில் டீக்கடையில் உட்கார்ந்து டீ சொன்னோம்.

"மாயகிருஷ்ணன் மகன் வெளிநாட்டுல இருக்கானாமே?" என்று உக்கிரபாண்டி மெதுவாக ஆரம்பித்தார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, பொண்ணு குடுக்கப் போறியளா?"

"அப்பிடித்தான் வையுங்க."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி." அவர் குரலை இறக்கினார். "நல்ல பையன். ஆடு மேய்ச்சுக்கிட்டே டிகிரி முடிச்சான். ஆனா பொங்கலுக்குப் பொறவு வீட்டுக்குப் போனே வரல. அவிய அம்மா கோயில் கோயிலா அலையுதா."

சோலைராஜ் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தான். "பொங்கலுக்குப் பொறவா? எங்கிட்ட தினமும் பேசுதானே!"

டீக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மாயகிருஷ்ணன் வீட்டைக் கைகாட்டினார்.

கண்ணபிரானின் அம்மா ஆவுடைத்தாய் ஆட்டுக்குட்டிகள் மேல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மாயகிருஷ்ணன் ஆடு பத்திக்கொண்டு போயிருந்தார். மகனைப் பற்றி வந்திருக்கிறோம் என்றதும் அந்த அம்மா ஓடி வந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். மகன் வீடியோவில் பேசுகிறான் என்பதே அவருக்குத் தெரியாது.

சோலைராஜ் வீடியோவைப் போட்டுக் காட்டினான். அந்த அம்மா பேச்சைக் கேட்கவே இல்லை. முகத்தை மட்டும் பார்த்தார். ஒருதரம் பார்த்துவிட்டு, இன்னொருதரம் போடச் சொன்னார்.

"எம்மவன் வாயத் தெறந்துல்லா சிரிப்பான். ஏன் இப்பிடி உதட்ட மூடிக்கிட்டே பேசுதான்?" என்றார். பிறகு திரையில் விரலை வைத்தார். "இங்கன பாருங்க. முன்பல்லு எங்க?"

அந்த வீடியோவை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருந்தோம். அவன் மேலுதட்டை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு பேசுவது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. 'ச' வரும் இடத்தில் ஒரு நொடி கறுப்பாக ஓர் ஓட்டை.

டீச்சர் சோலைராஜிடம், "அவனுக்குப் போனப் போடு" என்றார். "வழக்கம்போலப் பேசு. ஒண்ணும் காட்டிக்காத."

ஸ்பீக்கரில் அதே உற்சாகக் குரல். "சொல்லுங்க சோலைராஜு, பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

ஆவுடைத்தாயை யாராலும் பிடித்துவைக்க முடியவில்லை.

"ஏய்யா… கண்ணா… சாப்ட்டியாய்யா?"

தூரத்தில் பல பேர் ஒரே நேரத்தில் போனில் பேசுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஏதோ ஒரு பாஷையில் அதட்டினார்கள்.

"சார்," என்றான் கண்ணபிரான். குரல் உடைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. "ஒங்க பக்கத்துல யாரோ பேசுதாங்க, எனக்கு சரியாக் கேக்கல. யாருன்னு தெரியல சார். ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துருங்க. வேலை ரொம்ப நல்ல வேலை."

லைன் அறுந்தது. மகன் தன்னை யாரென்று தெரியாது என்று சொன்னதை அந்த அம்மா அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. "உசுரோட இருக்கான்" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது. வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

சோலைராஜ் ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. ஊறுகாய் பாட்டில் அடுப்படிக்கே திரும்பிப் போனது. திங்கட்கிழமை டீச்சர் லீவு போட்டு, ஆவுடைத்தாயையும் கூட்டிக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுத்தார். கலெக்டர் ஆபீசிலும் மனு கொடுத்தார். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இரண்டே நாளில் அந்த வெப்சைட் காணாமல் போனது. டீச்சர் விடாமல் தேடியதில் வேறு பெயரில் அகப்பட்டது. கட்டடம் வேறு, முகவரி வேறு. வீடியோ மட்டும் அதே வீடியோ.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

புதன்கிழமை சோலைராஜுக்குப் போன் வந்தது. புது நம்பர். கிசுகிசுப்பான குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வமாரியும் அதைக் கேட்டிருக்கிறாள்.

"சோலைராஜு, நாந்தான். அன்னைக்குப் பேசுனது எங்க அம்மாதான? நல்லா இருக்காவளா?… வைச்சிராதிய. ஒரு ஆளக் குடுத்தா என்னைய அனுப்பிருவோம்னு சொல்லியிருக்கானுவ. நீங்க வந்தா நான் ஊருக்கு வந்துருவேன். டிக்கெட்ட எப்ப வேணும்னாலும் மாத்திக் குடுப்பானுவ. நீங்க கொஞ்ச நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. பொறவு நீங்களும் ஒரு ஆளச் சேத்துவிட்டுட்டு வந்துரலாம்."

சோலைராஜ் இதை வந்து சொன்னதும் டீச்சர் சொன்னார்: "நீ போனாலும் அவன விடமாட்டானுவலே. ரெண்டு பேராப் போயிருவிய."

"எப்பிடி டீச்சர் சொல்லுதிய? விட்டாலும் விட்ருவானுவ இல்லையா?"



வெள்ளிக்கிழமை ஆவுடைத்தாய் பஸ் மாறி ஏறி உக்கிரபாண்டி வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாராம். செல்வமாரி சொன்னது இது.

சொர்ணத்தாய் காப்பி போட்டுக் கொடுத்தார்.

"எம்மவன் பேசுனான்" என்றார் ஆவுடைத்தாய்.

"என்ன சொன்னான் மதினி?"

"நல்லா இருக்கேன்னு சொன்னான்." அவர் பார்வை சோலைராஜ் மேலேயே இருந்தது. "ஒனக்கும் அவனுக்கும் ஒரே வயசு இருக்கும்லாய்யா?"

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மகன் அவரிடம் வேறு என்ன கேட்டிருப்பான் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதைக் கேட்கவும் இல்லை, 'நீ போகாத' என்று சொல்லவும் இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். சோலைராஜ்தான் பஸ் ஏற்றிவிடப் போனான். பஸ் வந்து, ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். பஸ் நகர்ந்தபோது அவன் கூடவே நடந்தான். பிறகு ஓடினான். கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் அந்த அம்மா கையை விட்டார்.

அங்கிருந்து அவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோவில்பட்டிக்கு, டீச்சர் வீட்டுக்கு வந்தான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. வாசலிலேயே நின்றபடி, சட்டைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"கண்ணபிரான் அம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தா போயிருப்பேன் டீச்சர். அடுத்த தடவ வந்தா கேட்ருவாவ. இது ஒங்ககிட்ட இருக்கட்டும்."

டீச்சர் வாங்கிக்கொண்டார்.

"நானே வந்து கேட்டாலும் குடுத்துராதிய."

"குடுக்க மாட்டேன்லே."

"அழுதாலும் குடுத்துராதிய டீச்சர்."

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அவன் எடுக்கவும் இல்லை, அமர்த்தவும் இல்லை. அது தானாக ஓயும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம். ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.